வெள்ளையடிப்பதற்கு முன்னால்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்த பெரியவர், பழைய வீட்டை மராமத்துச் செய்து பார் என்று ஏன் சொல்லாமல் விட்டார் என்று நான் பல தடவை யோசித்ததுண்டு. அந்தக் கஷ்டத்தை அவர் அனுபவிக்காதவராக இருக்க வேண்டும். அல்லது அனுபவித்து முடித்தபின் பழமொழி சொல்லக்கூடத் தெம்பில்லாமல் போயிருக்க வேண்டும்.

புது வீடு கட்டுகிறவனுக்குக் கையில் பணம் குறைவாக இருந்தாலும் ஒரு சௌகரியம் உண்டு. அஸ்திவாரம் போடாமல் அவனால் சுவர் எழுப்ப முடியாது. சுவர் எழுப்பாமல் கூரை வேய முடியாது. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற கேள்வியே அவனுக்கு எழுவதில்லை. பூமியே அவனுக்கு வரிசை சொல்லிக் கொடுத்துவிடுகிறது. பழைய வீட்டுக்காரன் பாடு அப்படியல்ல. அவனுக்கு அஸ்திவாரமும் இருக்கிறது, கூரையும் இருக்கிறது, சுவரில் வர்ணமும் ஒரு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் கெட்டுப் போயிருக்கின்றன. எங்கிருந்து வேண்டுமானாலும் அவன் ஆரம்பிக்கலாம். அந்தச் சுதந்திரத்தில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

அவன் எங்கிருந்து ஆரம்பிக்கிறான் என்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வீட்டில் ஒரு கல்யாணம் நிச்சயமாகும். சம்பந்தி வீட்டார் வருவார்களே என்று முன்கூடத்துக்கு வர்ணம் பூசுவார்கள். வாசல் கதவுக்கு மெருகு ஏறும். கொல்லைப்புறத்துச் சுவரில் ஓதம் ஏறி, காரை பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருக்கும். அந்தப் பக்கம் யார் வரப் போகிறார்கள்? அடுத்த வருஷம் போனஸ் வந்தால் பார்த்துக் கொள்ளலாம். அடுத்த வருஷம் போனஸ் வருகிறது. அதற்குள் வேறு ஏதாவது கண்ணில் பட்டுவிடுகிறது.

இந்த விஷயத்தில் உபதேசம் செய்ய நான் கொத்தனாருமல்ல, இஞ்சினீயருமல்ல. கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆகையால் ஒரு கதையே சொல்லிவிடுகிறேன். இதில் கற்பனை ஒரு வரிகூட இல்லை. சரித்திரத்தில் நடந்தது. கதாநாயகனும் மனிதன் அல்ல, ஒரு வீடு. அந்த வீட்டுக்காரர்களுக்கு உலகத்திலேயே பெரிய கஜானா ஒன்று பக்கத்துத் தெருவில் இருந்தது. இருந்தும் நம்மைப் போலவேதான் அவர்களும் வரிசை தவறினார்கள். அதனாலேயே எனக்கு அந்தக் கதை மிகவும் பிடித்திருக்கிறது.

அமெரிக்க ஜனாதிபதி குடியிருக்கும் வெள்ளை மாளிகையைத்தான் சொல்கிறேன்.

1792ஆம் வருஷம் அக்டோபர் 13ந் தேதி அதற்குக் கால்கோள் நடந்தது. கட்டிட நிபுணர் ஜேம்ஸ் ஹோபன் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர். இடத்தைப் பொறுக்கியவரும், ஹோபனின் படத்தைத் தேர்ந்தெடுத்தவரும் ஜார்ஜ் வாஷிங்டன். ஆனால் அதில் ஒரு நாள்கூடக் குடியிருக்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. சுதந்திரம் சுதந்திரம் என்று முழங்கிய அந்த நாட்டின் தலைவருக்கான வீட்டில், அடிமைகளும் கல் உடைத்து மரம் அறுத்திருக்கிறார்கள். அதையும் சொல்லாமல் இந்தக் கதையைத் தொடங்குவது நியாயமாகாது.

வெர்ஜீனியாவிலிருந்து கொண்டுவந்த மணற்கல்லால் வெளிச்சுவர்களை எழுப்பினார்கள். அந்தக் கல் தண்ணீரை உறிஞ்சும் ஜாதி. குளிர்காலத்தில் உள்ளே புகுந்த தண்ணீர் உறைந்து பனிக்கட்டியானால் கல் வெடிக்கும். ஆகவே 1798இல் சுவர் முழுவதற்கும் சுண்ணாம்புப் பூச்சுக் கொடுத்தார்கள். வெள்ளை மாளிகை வெள்ளையானது இப்படித்தான். வெள்ளைக்காரன் கொளுத்திய கரியை மறைக்கப் பின்னால் வெள்ளையடித்தார்கள் என்று ஒரு கதை உலாவுகிறது, அது தவறு. முதல் வெள்ளையடிப்பு அழகுக்காகவும் அல்ல, மானத்தை மறைப்பதற்காகவும் அல்ல. கல்லுக்குள் தண்ணீர் போகாமல் தடுப்பதற்காக. அந்த வீட்டின் வாழ்க்கையில் நடந்த மிகச் சரியான காரியங்களில் அது ஒன்று. அதற்குப் பிறகு வெகு காலம் யாரும் அந்த முறையில் யோசிக்கவில்லை.

1800ஆம் வருஷம் நவம்பர் மாதம் ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் குடி வந்தபோது வீடு அரைகுறையாக இருந்தது. பெரிய கிழக்கு மண்டபத்துக்குப் பூச்சு வேலைகூட முடியவில்லை. அவருடைய மனைவி அபிகெய்ல் துவைத்த துணிகளை அங்கே கொடி கட்டி உலர்த்தினார். ராஜாங்க விருந்துகளுக்கென்று திட்டமிட்ட மண்டபத்தில் முதன்முதலில் ஏறியது ஈரத்துணி என்பதை நினைத்தால், குடித்தனம் என்பது எல்லாத் தேசத்திலும் குடித்தனந்தான் என்று தோன்றுகிறது.

1814 ஆகஸ்ட் 24ந் தேதி இரவு பிரிட்டிஷ் படையினர் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். உள்ளே இருந்த மரமெல்லாம் எரிந்தது. கல் சுவர்கள் மட்டும் நின்றன. ஹோபனையே மறுபடி கூப்பிட்டுக் கட்டச் சொன்னார்கள். தலைநகரம் பிழைத்துவிட்டது என்று உலகத்துக்குக் காட்ட வேண்டும் அல்லவா? அவசரம் அவசரமாக வேலை நடந்தது. 1817இல் ஜனாதிபதி மன்றோ குடி வந்துவிட்டார். அப்போது உள்ளே எழுப்பிய சுவர்களின் அஸ்திவாரம் போதிய ஆழத்துக்குப் போகவில்லை. அடியில் களிமண். வெளிச்சுவர்கள் நிதானமாகக் கட்டியவை. உள்சுவர்கள் அவசரத்தில் கட்டியவை. இந்த ஒரு வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நூற்று முப்பது வருஷங்கள் கழித்து இது தேவைப்படப் போகிறது.

பிறகு வசதிகள் வந்தன. 1833இல் குழாயில் தண்ணீர். 1848இல் எரிவாயு விளக்கு. 1891இல் மின்சாரம். அப்போதைய ஜனாதிபதி ஹாரிஸனும் அவர் மனைவியும் மின்சாரத்துக்குப் பயந்து விசையைத் தொடவே மாட்டார்களாம். விளக்கை ஏற்றுவதும் அணைப்பதும் சிப்பந்திகள் வேலை. நாம் சிரிக்கிறோம். ஆனால் அந்த விளக்கில் பயப்பட வேண்டிய விஷயம் வேறு. ஒவ்வொரு வசதி வரும்போதும், அதற்குரிய குழாயோ கம்பியோ போவதற்கு உத்திரத்தில் ஒரு வெட்டு வெட்டினார்கள். சுவரில் ஒரு துளை போட்டார்கள். ஒரு வெட்டால் எந்த உத்திரமும் விழுந்துவிடாது. தண்ணீர்க்காரன் தன் வெட்டை மட்டும் பார்த்தான். எரிவாயுக்காரன் தன் துளையை மட்டும் பார்த்தான். எல்லா வெட்டுக்களையும் கூட்டிப் பார்க்க அந்த வீட்டில் ஆள் இல்லை.

நடுவில் அலங்காரமும் நடந்தது. 1881இல் பதவிக்கு வந்த செஸ்டர் ஆர்தர் ரசிகர். பழைய சாமான்களை வண்டி வண்டியாக ஏலத்துக்கு அனுப்பினார். 1882இல் நியூயார்க்கிலிருந்து லூயி டிப்பனி என்ற புகழ்பெற்ற கலைஞரை வரவழைத்து அறைகளுக்கு வர்ணமும் பொன் வேலைப்பாடும் செய்வித்தார். முன்கூடத்தில் வர்ணக் கண்ணாடியால் ஒரு பெரிய தடுப்பு எழும்பியது. பார்த்தவர்கள் பிரமித்தார்கள். இருபது வருஷம் கழித்து ரசனை மாறியது. தடுப்பைக் கழற்றி ஏலத்தில் விற்றுவிட்டார்கள்.

அந்த ரசனை மாற்றத்துக்குக் காரணமானவர் தியோடர் ரூஸ்வெல்ட். அவருக்கு ஆறு குழந்தைகள். மேல்மாடியில் பாதி ஆபீஸ், பாதி வீடு. 1902இல் காங்கிரஸ் சபை ஏறத்தாழ ஐந்து லட்சம் டாலர் ஒதுக்கியது. மக்கிம் என்ற நிபுணர் ஒரே கோடைகாலத்தில் வேலையை முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். குளிர்காலத்து விருந்துகள் தொடங்குவதற்குள் வீடு தயாராக வேண்டும். ஆபீஸை வெளியே எடுத்து மேற்கே தனிக் கட்டிடம் கட்டியது நல்ல காரியம். ஆனால் விருந்து மண்டபம் சின்னதாக இருக்கிறது என்று ஒரு மாடிப்படியையும், அதை ஒட்டிப் பாரம் தாங்கி நின்ற சுவரையும் எடுத்து அதை விஸ்தரித்தார்கள். நூறு பேர் உட்கார்ந்து சாப்பிடும் மண்டபம் கிடைத்தது. அந்தச் சுவர் அதுவரை சுமந்து வந்த பாரம் வேறு வழி தேடிக்கொண்டது. கட்டிடத்தில் பாரம் என்பது குடும்பத்தில் கடன் மாதிரி. ஒருவன் தோளிலிருந்து இறக்கினால் மறைந்து போகாது, இன்னொருவன் தோளில் ஏறிக்கொள்ளும்.

1927இல் கூலிட்ஜ் ஜனாதிபதி. கூரை அபாயகரமாக இருக்கிறது என்று இஞ்சினீயர்கள் சொன்னார்கள். குடும்பம் வேறு வீட்டுக்குப் போயிற்று. பழைய மரக்கூரையை எடுத்துவிட்டு இரும்புக் கூரை போட்டார்கள். போடுவதே போடுகிறோம் என்று, பரணாக இருந்த இடத்தை முழு மூன்றாவது மாடியாக்கி, விருந்தினர் அறைகளும் சாமான் அறைகளும் கட்டினார்கள். எல்லாம் இரும்பும் கான்கிரீட்டும். வேலை உறுதியானது, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அத்தனை கனமும் எதன் தலையில் இறங்கியது? 1817இல் அவசரத்தில் எழுப்பிய, களிமண்ணில் நிற்கிற அதே உள்சுவர்களின் தலையில். வயதான கிழவருக்குக் குளிருகிறதே என்று இரும்புக் குல்லாய் போட்ட கதை!

இங்கே நிறுத்தி ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். இவர்களில் யாரும் முட்டாள் அல்ல. ஆர்தர், ரூஸ்வெல்ட், கூலிட்ஜ் மூவரும் வீட்டை நேசித்தவர்கள்தான். பணம் கொடுத்த காங்கிரஸ் சபையாரும் கஞ்சர்கள் அல்ல. பின்னே ஏன் நூறு வருஷத்துக்கு மேல் ஒருவராவது கீழே குனிந்து பார்க்கவில்லை? என் மனத்துக்குப் பட்ட பதில் இது: அவர்கள் எல்லோரும் அந்த வீட்டில் குடியிருந்தவர்கள். நாலு வருஷம், மிஞ்சினால் எட்டு வருஷம். அந்தக் கெடுவுக்குள் கண்ணுக்குத் தெரிகிற காரியத்தைச் செய்யத்தான் மனம் ஏவும். வர்ணக் கண்ணாடியைக் காட்டி, “இது ஆர்தர் காலத்து வேலை” என்று சொல்லலாம். பூமிக்கடியில் இருபது அடி ஆழத்தில் கொட்டிய கான்கிரீட்டைக் காட்டி யாரிடம் பெருமை பேசுவது?

1941இல் ராணுவ இஞ்சினீயர்கள் வீட்டைச் சோதித்து அறிக்கை கொடுத்தார்கள். மரம் தளர்ந்துவிட்டது, கட்டு உதிர்கிறது, தீப்பிடித்தால் தப்புவது கஷ்டம் என்று எச்சரித்தார்கள். அப்போதைய ஜனாதிபதி பிராங்கிளின் ரூஸ்வெல்ட்டுக்கு வேறு கவலைகள் இருந்தன. உலக யுத்தம். அறிக்கை ஒதுங்கிப் போயிற்று.

1945இல் ஹாரி ட்ரூமன் குடி வந்தார். ராத்திரி வேளையில் தளம் முனகுவதையும் கதவுகள் கிறீச்சிடுவதையும் கேட்டு, பேய் உலாவுகிறது என்று மனைவிக்கு வேடிக்கையாகக் கடிதம் எழுதினார். மேலே ஆள் நடந்தால் கீழே நீல அறையில் சரவிளக்குக் கலகலவென்று குலுங்கும். அவருடைய குளியல் தொட்டியே தரைக்குள் அமிழ ஆரம்பித்தது.

இந்த ட்ரூமன் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? தென்புறத் தாழ்வாரத்துத் தூண்களுக்கு நடுவில், இரண்டாவது மாடி மட்டத்தில், காற்று வாங்க ஒரு பால்கனி! கலை விஷயங்களில் யோசனை சொல்லும் குழுவினர் கூடாது என்றார்கள். பத்திரிகைகள் கேலி செய்தன. அவர் கேட்கவில்லை. மாளிகைச் செலவுக்கென்று ஒதுக்கிய தொகையில் மிச்சம் பிடித்து, ஏறத்தாழ 16,000 டாலரில் கட்டி முடித்தார். 1948இல் அது தயாராயிற்று. இருபது டாலர் நோட்டில் அச்சாகியிருந்த மாளிகைப் படத்தைக்கூடப் பால்கனியோடு மாற்ற வேண்டியிருந்தது. அந்தப் பால்கனி அழகானதா, அல்லவா என்று தேசமே வாதாடிக்கொண்டிருந்தபோது, அதற்குப் பின்னால் இருந்த வீடு விழுந்துகொண்டிருந்தது.

அதே கோடையில் ட்ரூமனின் மகள் மார்கரெட்டின் அறையில் இருந்த பியானோவின் கால் ஒன்று தரையைப் பொத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. கீழ்த்தளத்துச் சாப்பாட்டு அறையின் கூரையில் காரை பெயர்ந்தது. அதற்குமேல் யாரும் பேய் என்று சிரிக்கவில்லை. இஞ்சினீயர்கள் தரையைப் பிரித்தார்கள், சுவரைக் குடைந்தார்கள். நூறு வருஷத்து வெட்டுக்களும் துளைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. பழைய கணக்கை யாரோ கடைசியில் கூட்டிப் பார்த்துவிட்டார்கள். மேல்மாடி நிற்பது பழக்கத்தினாலேயே தவிர பலத்தினால் அல்ல என்று தெரிந்தது. 1948 நவம்பரில் ஜனாதிபதியின் குடும்பம் எதிர்த்தாற்போலிருந்த பிளேர் மாளிகைக்குக் குடி பெயர்ந்தது.

அடுத்த வருஷம் காங்கிரஸ் சபை ஆறு பேர் கொண்ட கமிஷன் ஒன்றை நியமித்து, 54 லட்சம் டாலர் அனுமதித்தது. ஸெனட்டர் மக்கெல்லர் அதன் தலைவர். கமிஷன் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, வீட்டை அடியோடு இடித்துப் புதிதாகக் கட்டுவது. இரண்டு, கற்களை எண் போட்டுப் பிரித்தெடுத்து, மறுபடி அடுக்குவது. மூன்று, வெளிச்சுவர்களை அப்படியே நிறுத்திவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் எடுத்துப் புதிதாகக் கட்டுவது. இடித்துக் கட்டினால் சுலபம், செலவும் குறையும் என்று வாதாடியவர்கள் உண்டு. தனி மனிதர் வீட்டிலும் அந்த வாதம் எழுகிறது. மேஸ்திரி வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இதை வெச்சுக்கிட்டு ஏங்க கஷ்டப்படறீங்க? தள்ளிட்டுப் புதுசாக் கட்டிடலாமே” என்று சொல்லும்போது, அவர் சொல்வதில் கணக்குப் பிழை இருப்பதில்லை. ஆனால் அவர் பாட்டி அந்த முற்றத்தில் உட்கார்ந்து வெற்றிலை இடித்ததில்லை. அவருக்கு அது வெறும் சுவர்.

ட்ரூமனுக்கு அது வெறும் சுவராக இல்லை. கமிஷனும் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜான் மக்‌ஷேன் கம்பெனியார் குறைந்த கேள்வி கேட்டு வேலையை எடுத்தார்கள். 1949 டிசம்பர் 13ந் தேதி வேலை ஆரம்பமாயிற்று.

நூற்று முப்பது வருஷமாக நடந்ததற்கு நேர் எதிர்த் திசையில் இந்த வேலை நடந்தது. முதலில் பூமி. சுவர்களுக்கு அடியில் ஒரேயடியாகத் தோண்டினால் எல்லாம் சரிந்துவிடும். ஆகையால் கொஞ்சம் கொஞ்சமாகக் குழி வெட்டி, களிமண்ணைத் தாண்டிச் சரளை மண் தட்டுப்படும் வரை போய், ஏறத்தாழ 25 அடி ஆழத்துக்குக் கான்கிரீட் கால்களை இறக்கினார்கள். ஒரு கால் இறுகின பிறகு அடுத்தது. இப்படி நூற்றுக்கு மேற்பட்ட கால்கள். உள்ளே இருந்த அறைகளையெல்லாம் பிரித்தெடுத்தார்கள். மண் அள்ளுவதற்கு ஒரு புல்டோஸர் யந்திரம் தேவைப்பட்டது. அதை உள்ளே விடுவதற்கு வெளிச்சுவரில் வாசலை அகலமாக்க ட்ரூமன் சம்மதிக்கவில்லை. யந்திரத்தைத் துண்டு துண்டாகக் கழற்றி உள்ளே கொண்டுபோய் மறுபடி பூட்டினார்கள். அக்காலத்துப் புகைப்படங்களைப் பார்த்தால் மனம் ஒரு கணம் திடுக்கிடுகிறது. வெளியே அதே வெள்ளைச் சுவர்கள், அதே ஜன்னல்கள். உள்ளே வீடே இல்லை. தற்காலிக இரும்புத் தாங்கிகளும், வெட்டவெளியும், கீழே மண்ணைக் கிளறும் யந்திரமும்.

அஸ்திவாரம் முடிந்த பிறகு இரும்புச் சட்டம். சட்டத்தின் மேல் கான்கிரீட் தளங்கள். தளங்களுக்குப் பிறகு தண்ணீர்க் குழாய், மின்சாரக் கம்பி, குளிர்சாதன வசதி. இந்தத் தடவை அவற்றுக்கு முன்கூட்டியே வழி விட்டுவிட்டபடியால் எதையும் வெட்ட வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகு பூச்சு. பிறகு மர வேலை. பிறகு வர்ணம். கடைசியில் நாற்காலி, மேஜை, திரைச்சீலை. எந்தப் புத்திசாலி மேஸ்திரியைக் கேட்டாலும் இதே வரிசையைத்தான் சொல்வார்.

வரிசை சரியாக இருந்தும் பணம் படுத்தியது. 1950இல் கொரியா யுத்தம் மூண்டது. சாமான்கள் விலை ஏறின. ஆட்கள் கிடைப்பது அரிதாயிற்று. பூமிக்கடியில் கூடுதல் வேலைகளும் சேர்ந்தன. மொத்தச் செலவு 57 லட்சம் டாலரைத் தாண்டியது. முதலில் போட்ட மதிப்புக்கு மூன்று லட்சம் அதிகம். ஆனால் உண்மையான நஷ்டம் இந்த மூன்று லட்சத்தில் இல்லை.

பழைய அறைகளைப் பிரித்தபோது மரச் சித்திர வேலைகளையும், கதவு நிலைகளையும், தரைப் பலகைகளையும் எண் போட்டுப் பத்திரப்படுத்தினார்கள். எல்லாம் திரும்பவும் அதனதன் இடத்துக்குப் போகும் என்பது எண்ணம். கடைசிக் கட்டம் வந்தபோது நேரமும் இல்லை, பணமும் இல்லை. பழைய பலகையைச் சீவி, பழுது பார்த்து, புதுச் சுவரின் அளவுக்குப் பொருத்துவதைவிடப் புதிதாகச் செய்துவிடுவது மலிவு. பெரிய விருந்து மண்டபத்தின் மரச்சுவர் திரும்பி வந்தது. அதற்கும் பச்சை வர்ணம் பூசிவிட்டார்கள். பழைய உத்திரங்களை அறுத்துக் கீழ்த்தளத்தில் சில அறைகளுக்குப் பலகை அடித்தார்கள். கொஞ்சத்தை ஞாபகார்த்தச் சாமான்களாகப் பொதுமக்களுக்கு விற்றார்கள். ஒரு செங்கல், ஒரு பழைய ஆணி, ஒரு துண்டு மரம் என்று. மிச்சத்தில் பெரும்பகுதி பள்ளத்தை நிரப்பப் போயிற்று. லிங்கன் நடந்த தரைப் பலகை எந்தப் பள்ளத்தில் கிடக்கிறதோ!

இந்த இடத்தில்தான் எனக்குக் கமிஷன் மீது மனத்தாங்கல். அவர்கள் செய்த வரிசை தவறல்ல. ஆனால் எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்கும் ஒரு தொகையை முதலிலேயே தனியாக முடிந்து வைத்திருக்க வேண்டும். வரிசையில் கடைசியாக வருகிற காரியம் முக்கியமில்லாத காரியம் என்று அர்த்தமில்லை. பந்தியில் கடைசியில் உட்காருகிற பிள்ளைக்கும் பாயசம் எடுத்து வைக்கிற தாயார் மாதிரி, ஆரம்பத்திலேயே அதன் பங்கை எடுத்து ஒதுக்கிவிட வேண்டும்.

மேஜை நாற்காலி வாங்குவதற்கு மிஞ்சிய பணம் மிகவும் சொற்பம். நியூயார்க்கில் ஆல்ட்மன் என்ற பெரிய கடைக்காரர்கள் லாபம் வைக்காமல் அடக்க விலைக்கே சாமான்களைக் கொடுத்து அறைகளை நிரப்பினார்கள். பெரும்பாலும் பழங்காலத்து மாதிரிகளைப் பார்த்துச் செய்த புதுச் சாமான்கள். பார்த்தவர்களில் சிலர், நல்ல ஹோட்டல் மாதிரி இருக்கிறது என்றார்கள். அதைப் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை.

ஆனால் அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 1961இல் கென்னடியின் மனைவி ஜாக்குலின் வந்தார். உண்மையான பழங்காலச் சாமான்களைத் தேடிப் பிடித்து, நன்கொடையாகக் கேட்டு வாங்கி, அறைகளை ஒன்றொன்றாக மாற்றினார். மாளிகையைப் பற்றி ஒரு கைப்புத்தகம் வெளியாயிற்று. அதன் விற்பனைப் பணமும் அந்தக் கைங்கரியத்துக்கு உதவியது. 1962 பிப்ரவரி 14ந் தேதி டெலிவிஷனில் அவர் வீட்டைச் சுற்றிக் காட்டியதை லட்சக்கணக்கான ஜனங்கள் பார்த்தார்கள். இதற்காக ஒரு சுவரையாவது இடிக்க வேண்டியிருந்ததா? ஓர் உத்திரத்தையாவது தொட வேண்டியிருந்ததா? இல்லை. பத்து வருஷம் மட்டமான நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் வீட்டுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. ஆனால் இருபத்தொரு வருஷம் கனமான மூன்றாவது மாடியைச் சுமந்ததில் வீடு உட்கார்ந்தே போய்விட்டது.

இந்தக் கதையிலிருந்து நான் எனக்காக மூன்று கேள்விகளைக் குறித்து வைத்துக்கொண்டிருக்கிறேன். வாசகர்களுக்கும் பயன்படலாம்.

மராமத்துப் பட்டியலில் ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு, “இதை விட்டால் இது மட்டும் கெடுமா, பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக் கெடுக்குமா?” என்று கேட்க வேண்டும். ஒழுகுகிற கூரையும், ஓதம் ஏறுகிற சுவரும், அடைத்துக்கொண்ட சாக்கடையும், கரையான் ஏறிய உத்திரமும், இற்றுப்போன மின்சாரக் கம்பியும் தனியாகக் கெடுவதில்லை. ஊரைக் கூட்டிக்கொண்டு கெடும். அவை முதல் வரிசை. வர்ணம் மங்கினால் மங்கின வர்ணந்தான். அது யாரையும் கெடுப்பதில்லை.

அடுத்தபடி, “இதை இப்போது செய்தால், பின்னால் வேறொன்றுக்காக இதை உடைக்க வேண்டி வருமா?” என்று கேட்க வேண்டும். குழாயும் கம்பியும் சுவருக்குள் போகிறவை. அவற்றுக்கு முன்னால் பூச்சு முடித்தவன் ஒரே சுவருக்கு இரண்டு தடவை கூலி கொடுப்பான். மாடி மேல் அறை கட்ட நினைக்கிறவன், கீழே இருக்கிற சுவரிடம் முதலில் சம்மதம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது கேள்வியை முதல் நாளே, கொத்தனார் வாசலில் காலடி வைப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். “இந்த வீட்டில் எது போய்விட்டால், பிறகு இது என் வீடு இல்லை?” சிலருக்கு அது முற்றமாக இருக்கும். சிலருக்குத் தேக்கு ஊஞ்சல் தொங்கும் கூடம். சிலருக்கு வாசல் திண்ணை. அதற்கென்று ஒரு தொகையைத் தனியே முடிந்து, எந்த அவசரத்திலும் அவிழ்ப்பதில்லை என்று சங்கல்பம் செய்துகொள்ள வேண்டும். மீதிப் பணத்திலும் ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருப்பது நல்லது. பழைய வீட்டில் தரையைப் பிரித்த பிறகுதான் உண்மை தெரியும். அந்த உண்மை இலவசமாகக் கிடைப்பதில்லை.

ட்ரூமனைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பால்கனிக்காக நான் அவரைக் கொஞ்சம் கேலி செய்துவிட்டேன். 1952 மார்ச் 27ந் தேதி அவர் புதுப்பித்த மாளிகைக்குத் திரும்பினார். பிளேர் மாளிகையில் இருந்த காலத்தில், 1950 நவம்பர் 1ந் தேதி, அவரைச் சுட்டுக்கொல்ல இருவர் முயன்றார்கள். காவலர் ஒருவர் உயிரிழந்தார். அத்தனையும் தாண்டி, மூன்று வருஷத்துக்கு மேல் வேற்று வீட்டில் காத்திருந்து, தன் வீடு என்று உள்ளே நுழைந்தார். நுழைந்த இரண்டாம் நாள், மார்ச் 29ந் தேதி, மறுபடி தேர்தலுக்கு நிற்கப் போவதில்லை என்று அறிவித்தார். அந்த உறுதியான அஸ்திவாரத்தின் மேல் அவர் வாழ்ந்தது பத்தே மாதம்.

குடியிருப்பவர் மனோபாவத்தை அந்த ஒரு விஷயத்தில் அவர் ஜெயித்துவிட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் இன்றைக்கும் பால்கனியைச் சுட்டிக் காட்டி அவர் பெயரைச் சொல்கிறார்கள். பூமிக்கடியில் அவர் காலத்தில் இறக்கிய கான்கிரீட் கால்களுக்குப் பெயர் இல்லை. அவை பாட்டுக்கு வீட்டைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன.